நடுவயதில் உடல் எடைக் குறைப்பும் நெடுந்தூர ஓட்டமும்

கிராமப் பணியாளர் ஒருவர் நாள்தோறும் சைக்கிளிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று வந்த காலம் இப்போது பெரும்பாலும் மாறிவிட்டது. மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தின; அத்துடன் அவருடைய கால்களின் வேலையையும் குறைத்தன. ஆசிரியரின் நிலையும் இதுவே. வேலை குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. ஆகவே நாற்பது வயதை அடைவதற்குள் இடுப்பின் சுற்றளவு பெருகுவதும், இரத்த அழுத்தமும் நீரிழிவும் தலைகாட்டுவதும் சாதாரண நிகழ்ச்சிகளாகி விட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவும், 35.5 பேருக்கு மிகை இரத்த அழுத்தமும், 39.5 பேருக்கு வயிற்றுப் பருமனும் உள்ளன என அவ்வாய்வு காட்டியது.

இந்நிலையை உணர்ந்து ஓடத் தொடங்குவோர் பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் முதல் மாதத்திலேயே முழங்கால் வலியுடன் அதனைக் கைவிடுகின்றனர். மிகச் சிலர் அபாயத்தையும் சந்திக்கின்றனர். ஓட்டத்தில் குறை இல்லை. அதனைத் தொடங்கும் முறையில்தான் குறை உள்ளது. உடலுக்குள் நடப்பது என்ன என்பதை அறிந்து தொடங்குபவர் இவ்விடர்களுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

லண்டன் பஸ் ஊழியர்கள் காட்டிய உண்மை

உடலுழைப்புக்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரி மாரிஸ் என்பவருடையது. அது 1953-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ ஓயாமல் படியேறி இறங்குவார். ஊதியமும் சூழ்நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும், நடத்துநர்களிடம் இருதய நோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டது.

இம்முடிவோடு மாரிஸ் நிற்கவில்லை. ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுக்கப்பட்ட சீருடைகளின் அளவுக் குறிப்புகளை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1956-இல் மற்றொரு கட்டுரையை வெளியிட்டனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலையில் சேர்ந்த இளமைப் பருவத்திலேயே சற்று மிகுந்திருந்தது என்பது அதனால் தெரியவந்தது. உழைப்பின்மை, உடற்பருமன் ஆகிய இரண்டும் பின்னிப் பிணைந்தவை. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றஞ்சாட்டுவது எளிதன்று என்ற பாடத்தை இவ்விரு கட்டுரைகளும் ஒருங்கே கற்பிக்கின்றன.

கொழுப்பு எங்கே போகிறது?

எடை குறைந்தவரிடம், “உங்கள் கொழுப்பு எங்கே போயிற்று?” என்று கேட்டால், வியர்வையாக வெளியேறிற்று என்றோ, உஷ்ணமாக மாறிற்று என்றோ பெரும்பாலும் விடை வரும். இரண்டும் பொருந்தா. கொழுப்பு என்பது கரி, நீரகம், பிராணவாயு ஆகிய அணுக்களாலானது. மூச்சின் வழி வரும் பிராணவாயுவோடு அது கூடி எரியும்போது கரியமிலவாயுவும் நீரும் உண்டாகின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரௌன் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 10 கிலோகிராம் கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோகிராம் கரியமிலவாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோகிராம் நீராக மாறுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். ரப்பர் உடையோ கம்பளியோ அணிந்து, வெயிலில் ஓடி, வியர்வை சிந்துவதால் கொழுப்பு குறைவதில்லை. குறைவது நீர், ஒரு செம்பு நீர் அருந்தியதும் அவ்வெடை திரும்பிவிடும். அவ்வழக்கம் பயனற்றது மட்டுமன்று; உடல் உஷ்ணம் அளவு மீறி உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோகிராம் ‘குறைவதும்’ பெரும்பகுதி நீரே. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கிறது. அது செலவாகும்போது அந்நீரும் நீங்குகிறது. ஆகையால் முதல் வார வேகத்தைக் கண்டு மகிழ்வதும், மூன்றாம் வாரத்தில் அது தணிவது கண்டு மனமொடிவதும் தேவையற்றவை.

வரவும் செலவும்

ஒரு கிலோகிராம் எடையுள்ள உடலை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓட்டத்தில் கொண்டுசெல்ல ஏறத்தாழ ஒரு கிலோகலோரி சக்தி தேவை. வேகம் கூடினாலும் குறைந்தாலும் இவ்வளவு அதிகம் மாறுவதில்லை. ஆகவே 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 400 கிலோகலோரி செலவாகும். வாரத்தில் நான்கு நாட்கள் ஓடினால் 1,600. உடற்கொழுப்பு ஒரு கிலோகிராமில் அடங்கிய சக்தி ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. எனவே, உணவில் எந்த மாறுதலும் இல்லாவிடில், ஒரு கிலோகிராம் குறைய ஐந்து வாரங்கள் ஆகும். ஓடி முடித்தவுடன் சமோசா இரண்டும் சர்க்கரையிட்ட தேநீரும் உட்கொண்டால் அன்றைய செலவின் பெரும்பகுதி வரவாகிவிடும்.

இப்போது சமையலறையைக் கவனிக்கலாம். நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் ஏறத்தாழ 125 கிலோகலோரி மிச்சம். நான்கு வேளைத் தேநீரில் வேளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை நீக்கினால் மேலும் 160. இவ்விரண்டும் சேர்ந்து வாரத்துக்கு ஏறத்தாழ 2,000 ஆகின்றன. ஓட்டத்தையும் இதையும் கூட்டினால், ஒரு கிலோகிராம் குறைய வேண்டிய காலம் ஐந்து வாரங்களிலிருந்து சுமார் பதினைந்து நாட்களாகச் சுருங்குகிறது.

நடைமுறையில் குறையும் வேகம் இக்கணக்கினும் மெதுவானது. எடை குறையக் குறைய, உடல் ஓய்வில் செலவிடும் சக்தியும், அதே தூரத்தை ஓடச் செலவாகும் சக்தியும் குறைகின்றன, பசியும் மிகுகிறது. எனவே சில மாதங்களுக்குப் பின் எடை ஓரிடத்தில் நிற்பது இயல்பே. அது முயற்சியின் தோல்வியன்று. உணவைக் குறைத்தல் எடையைக் குறைப்பதில் முதலிடம் பெறுகிறது. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் ஓட்டத்தின் பங்கு பெரிது. பட்டினி கிடந்து ஓடுவோர் கொழுப்புடன் தசையையும் இழப்பர். பருப்பு, பால், தயிர், முட்டை போன்ற புரத உணவைக் குறைக்காமல், அரிசி, கோதுமை, இனிப்பு, எண்ணெய் ஆகியவற்றின் அளவைக் குறைப்பதே தக்கது.

ஓட்டத்தால் உடலில் நேரும் மாறுதல்கள்

ஓடும்போது தசைகளுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவைப்படுகிறது. பயிற்சியால் இருதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. அதனால் ஓய்வு வேளையில் நாடித்துடிப்பு குறைகிறது. தசை நார்களைச் சுற்றியுள்ள தந்துகிகள் பெருகுகின்றன. உணவுப் பொருளை எரித்துச் சக்தியாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் தசைகளில் இதனை அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாலோசி 1967-இல் நிறுவினார். மேலும், சுருங்கி விரியும் தசை இன்சுலின் துணையின்றியே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உட்கொள்ள வல்லது. ஆகவே தராசின் முள் அசையாத வாரங்களிலும் உடலுக்கு நன்மை விளைந்துகொண்டே இருக்கிறது.

இம்மாறுதல்கள் எல்லா உறுப்புகளிலும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை என்பதே தொடக்கநிலையில் உள்ளவர் மறக்கலாகாத செய்தி. இருதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தாங்கும் பாரம் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. ஒரு கிலோமீட்டரில் ஆயிரம் அடிகளுக்கு மேல் விழுகின்றன. மூன்றாம் வாரத்தில், ‘மூச்சு வாங்கவில்லையே’ என்ற துணிவில் தூரத்தை இரட்டிப்பாக்குபவரே நான்காம் வாரத்தில் குதிகால் நாணிலோ கணைக்காலெலும்பிலோ வலியுடன் உட்கார்ந்துவிடுகிறார்.

ஓட்டம் முழங்காலைத் தேய்த்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், பொழுதுபோக்காக ஓடுவோரிடம் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு நூற்றுக்கு 3.5 பேருக்கும், ஓடாமல் அமர்ந்திருப்போரிடம் 10.2 பேருக்கும், போட்டிக்காகக் கடுமையாக ஓடுவோரிடம் 13.3 பேருக்கும் காணப்பட்டது. அளவான ஓட்டம் மூட்டைக் கெடுப்பதாக இவ்வெண்கள் காட்டவில்லை.

மெதுவோட்டத்தின் வரலாறு

நியூஜீலாந்தைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட் தம் இருபதுகளின் பிற்பகுதியில் நண்பர் ஒருவருடன் 5 மைல் ஓடியபோது, தம் உடல் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதை உணர்ந்தார். அன்று முதல் தம் உடலையே பரிசோதனைக்கூடமாகக் கொண்டு பயிற்சி முறைகளை வகுத்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல், மர்ரே ஹால்பெர்க் ஆகிய இருவரும் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டியில் ஒரே நாளில் தங்கப்பதக்கம் பெற்றனர். பின்னர் ஆக்லாந்து நகரில் நடுவயதினர் கூடி மெதுவாக ஓடும் குழுவுக்கு அவர் வழிகாட்டினார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுக என்பதே அங்குக் கையாளப்பட்ட விதி. அமெரிக்கப் பயிற்சியாளர் வில்லியம் பவர்மன் 1962-இன் இறுதியில் அங்குச் சென்று, தம்மினும் மூத்தவர்களுக்கு ஈடுகொடுத்து ஓட இயலாமற் போனதைக் கண்டு வியந்தார். இருதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967-இல் அவர் எழுதிய நூல் மெதுவோட்டத்தை அமெரிக்காவில் பரப்பியது.

பிரிட்டனில் வாழ்ந்த பஞ்சாபியரான பௌஜா சிங் தம் முதல் மாரத்தான் ஓட்டத்தை 2000-ஆம் ஆண்டில் லண்டனில் ஓடினார். கடவுச்சீட்டில் கண்ட பிறப்பாண்டு 1911. அதன்படி அப்போது அவருக்கு வயது 89. 2011-இல் டொரான்டோவில் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் அது உலக சாதனையாகப் பதிவு பெறவில்லை. எனினும், முதுமையிலும் உடல் பயிற்சிக்கு இணங்கும் என்பதற்கு அவர் சான்று. 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் கிராமத்தருகே சாலையில் வாகனம் மோதி அவர் மறைந்தார்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

முதல் மூன்று வாரங்கள் ஓட்டமே வேண்டா. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு 30 நிமிடம் விரைந்து நடத்தல் போதும். அடுத்த மூன்று வாரங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறி மாறிப் பத்து முறை செய்யலாம். ஏழு முதல் ஒன்பது வாரங்களில் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. பத்தாம் வாரம் முதல் எட்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. பன்னிரண்டாம் வார இறுதியில் பெரும்பாலோர் 25 அல்லது 30 நிமிடம் நிற்காமல் ஓட இயலும். இயலாதவர் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் தங்குவதால் இழப்பொன்றுமில்லை. அதன்பின் வாரத்தில் ஒருநாள் ஓட்டத்தைச் சிறிது சிறிதாக நீட்டித்து நெடுந்தூரத்தை எட்டலாம். வாரத்தில் இருநாள், அமர்ந்து எழுதல், குதிகாலை உயர்த்தல் போன்ற வலுப்பயிற்சிகளும் தேவை.

ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச இயல வேண்டும். இயலாவிடில் வேகம் மிகுதி. காலணி விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. விரல்களை நெரிக்காததாக இருந்தால் போதும். கோடையில் விடியற்காலையே ஏற்றது. புதிய வெப்பநிலைக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். தாகத்துக்கேற்ப நீர் அருந்தலாம். நீண்ட ஓட்டத்தில் அளவு கடந்து நீர் அருந்துவதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து அபாயம் விளைவிக்கும். வட இந்திய நகரங்களில் குளிர்காலப் புகைமூட்டம் கவிந்த நாட்களில் வெளியில் ஓடாதிருத்தல் நலம். இருட்டில் நெடுஞ்சாலையில் ஓடுவதைவிடப் பள்ளி மைதானத்தைச் சுற்றுவது எவ்வகையிலும் மேல்.

எச்சரிக்கைகள்

இருதய நோய், நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளவரும், சிறு உழைப்பிலேயே நெஞ்சுவலியோ மயக்கமோ உணர்பவரும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை விரைந்து குறைக்கும் மாத்திரைகளோ கொள்பவருக்கு ஓட்டத்தின்போது நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் தோன்றலாம். அவர் சிறிது சர்க்கரையை உடன் வைத்திருத்தல் அவசியம். நாள்தோறும் பாதங்களில் புண் உண்டாவெனப் பார்ப்பதும் கடமை.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, தோள், கை, தாடை ஆகியவற்றுக்குப் பரவும் வலியோ, காரணமற்ற மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே நின்று மருத்துவமனை சேர வேண்டும். ‘வாயுப் பிடிப்பு’ என்று கருதிச் சோடா அருந்தி வீட்டில் காத்திருந்த நேரத்தில் இழந்த உயிர்கள் பல. களப் பணியாளர்கள் இவ்வொரு செய்தியை ஊர்தோறும் எடுத்துரைத்தாலே பெரும் தொண்டாகும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. பல பள்ளிகளில் மைதானத்தைச் சுற்றி ஓடுவது தண்டனையாக விதிக்கப்படுகிறது. தாமதமாக வந்தவனும் வீட்டுக்கணக்குச் செய்யாதவனும் ஓடுகிறான். மற்றவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஓட்டம் என்றால் இழிவு என்று பத்து வயதில் கற்ற உள்ளம், நாற்பது வயதில் மருத்துவர் சொன்னாலும் எளிதில் இணங்காது. அத்தண்டனையைக் கைவிட்டு, காலை வேளையில் அதே மைதானத்தில் ஆசிரியரே மெதுவாக ஓடுவதை மாணவர்கள் காணும்படி செய்தால், அவர்கள் பிற்காலத்தில் பெறவேண்டிய ஆரோக்கியத்துக்கு அன்றே வித்திட்டவராவார்.