பழைய பெட்டி வண்டிக்கு விலை மதிப்பது எப்படி?

காங்கேயம் காளை வாங்கப் போகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து எத்தனை பல் என்று பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். சற்று தூரம் நடக்க விட்டுப் பார்ப்பார். துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறந்தான். தலைமுறை தலைமுறையாக இந்த வித்தையில் தேர்ந்த நம் கொங்கு நாட்டார், பழைய மோட்டார் வண்டி வாங்கும்போது மட்டும் புது வர்ணத்தைக் கண்டு மயங்கிவிடுவது நமக்குப் பெரும் ஆச்சரியமாயிருக்கிறது.

பல்லடத்தையும் திருப்பூரையும் சுற்றியுள்ள ஊர்களில் பெட்டி வண்டிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பதை வெளியூர் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படுகிறது, சாயம் ஏறுவது வேறிடத்தில், அச்சு இன்னோரிடத்தில், வெட்டுவதும் தைப்பதும் மற்றோரிடத்தில். துணி உருளைகள் ஓயாமல் பிரயாணம் செய்துகொண்டே இருக்கின்றன. மழையும் தூசியும் படாமலிருக்க நான்கு புறமும் கூரையும் மூடிய பெட்டி வேண்டும். 2005-ல் டாட்டா கம்பெனியார் ‘ஏஸ்’ என்ற சிறு வண்டியை வெளியிட்டார்கள். ஜனங்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டாரின் ‘தோஸ்த்’ வந்தது. தினந்தோறும் வாடகை கொடுத்துச் சலித்த சிறு தொழிலாளி, மனைவியின் நகையை வைத்தாவது பழைய வண்டி ஒன்றை வாங்கிவிடலாம் என்று ஒருநாள் எண்ணுகிறார். ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

பல்லடத்தில் உயிர்க் கோழிக்குக் கொள்முதல் விலை நிர்ணயித்து அறிவிக்கிறார்கள். அதைப் பத்திரிகையில் பார்த்தே பல ஜில்லாக்களில் கோழி வியாபாரம் நடக்கிறது. பழைய வண்டிக்கு அத்தகைய பாக்கியம் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன. அதன்படி நான்கு வயதைத் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குப் பாதி மதிப்பு கழிந்துவிடுகிறது. ஐந்துக்கு மேல் அட்டவணையே கிடையாது; கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். பத்து வயது வண்டிக்குச் ‘சட்டப்படி இதுதான் விலை’ என்று தரகர் சொன்னால் சிரித்துவிட்டு மேலே பேசலாம்.

1970-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாப் இந்தச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பியனுப்பின. பின்னால் 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு அந்தக் கட்டுரையே முக்கிய காரணமாயிற்று. அவர் சொன்னது இதுதான்: வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். முடிவில் சந்தையில் நிற்பவை பெரும்பாலும் சொத்தைகளே.

நம் பிரதேசத்துக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நமது சரக்குகளின் மீது ஐம்பது சதவிகித வரி விதித்தது. இத்தகைய காலங்களில் குறையொன்றுமில்லாத வண்டியும் விற்பனைக்கு வரக்கூடும். முடங்கியது தொழிலேயன்றி வண்டி அல்ல. ஆகையால் ‘ஏன் விற்கிறீர்கள்?’ என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அதற்கு வரும் பதிலை அண்டை அயலில் விசாரித்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ‘இதுவரை என்ன பாரம் ஏற்றினீர்கள்?’ என்பது. வயதைவிட இதுவே முக்கியம் என்பது நமது அபிப்பிராயம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு ஏராளமாக வேண்டும். சாயப் பட்டறைக்கு உப்பு மூட்டை சுமந்த வண்டியில், சிந்திய உப்பு பலகை இடுக்குகளில் தங்கி ஈரத்தை இழுத்து இரும்பை உள்ளிருந்தே தின்கிறது. ஈரத் துணி ஏற்றிய வண்டிக்கும், கோழி எச்சம் படிந்த வண்டிக்கும் இதே கதிதான். மேலே பட்டி பூசி வர்ணம் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்து, சேஸ் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், ‘கணீர்’ என்று ஒலித்து வந்தது ஓரிடத்தில் ‘பொத்’தென்று இறங்கும். வெட்டி ஒட்ட வைத்த அடையாளம் சேஸில் இருந்தால் அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பிறகு பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நல்ல வெயில் வேளையாக இருக்கட்டும். கண் இருளுக்குப் பழகியதும் கூரையில் நட்சத்திரங்கள் தென்படுகின்றனவா என்று பார்க்கலாம். ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு மழைத் துளி! வெள்ளைத் துணியில் துருநீர் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் கழிவுதான். தரைப் பலகையில் உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பதும் அவசியம். ஒரு சிராய் குத்தினாலும் பின்னல் துணியில் கண்ணி அறுந்து ஓடும். மீன் நாற்றமோ தீவன நாற்றமோ இருந்தால் மூக்கே சொல்லிவிடும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். காலையில் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொல்ல வேண்டும்; நாம் போகும்போது சூடாக இருந்தால் சந்தேகிக்கலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிலோமீட்டர் காட்டும் கருவியை நம்புவதைவிட, கிளச் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதை நம்பலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருஷம் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது.

இனி தஸ்தாவேஜுகள். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.ஸி.யில் உள்ளவைதானா என்று நேரில் ஒப்பிட வேண்டும். திறந்த வண்டியாக வாங்கிப் பிறகு பெட்டி கட்டியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.ஸி.யில் ஏறியிருக்க வேண்டும். கனத்த தகட்டில் பெட்டி கட்டியவர்கள் வண்டியின் வெற்று எடையைக் கூட்டிவிடுகிறார்கள். அத்தனை கிலோ பாரம் நமக்குக் குறையும். கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் ஆர்.ஸி.யில் நின்றால், அவர்களுடைய ஆட்சேபணையின்மைக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் பணம் கொடுக்கலாகாது. எப்.ஸி. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருஷந்தோறும். பதினைந்து வயது கடந்த வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணத்தை ஸர்க்கார் வெகுவாக உயர்த்திவிட்டார்கள். வரி, அபராதப் பாக்கி எல்லாவற்றையும் பரிவாஹன் இணையதளத்தில் பார்க்கலாம்.

இப்போது கணக்கு. நல்ல நிலையிலுள்ள அதே வயது வண்டிக்கு மூன்று இடங்களில் விசாரித்ததில் 3,20,000 ரூபாய் என்று தெரிவதாகக் கொள்வோம். டயர்களுக்கு 24,000, கிளச்சுக்கு 12,000, கூரைத் தகட்டுக்கு 15,000, எப்.ஸி.க்கு முந்திய வேலைகளுக்கு 20,000, வண்டி பட்டறையில் நிற்கும் ஆறு நாளைக்கு வெளி வண்டி வாடகை 12,000. ஆக 83,000 கழித்தால் மிஞ்சுவது 2,37,000. இவை உதாரணத்துக்காகப் போட்ட தொகைகள். நேயர்கள் தத்தம் ஊர்ப் பட்டறையில் விசாரித்துப் போட்டுக்கொள்ளலாம். விற்பவர் கோபித்துக்கொண்டால் அந்தக் காகிதத்தையே அவர் கையில் கொடுத்து, எந்த வரி தவறு என்று கேட்கலாம்.

விலை படிந்தால் முன்பண ரசீதில் சேஸ் எண், தேதி, கைமாறும் நேரம் மூன்றும் எழுதி வாங்குவது அவசியம். பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30-ஆம் எண் படிவங்களைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் வண்டி ஓட்டும் பேர்வழிகள் நம் பக்கத்தில் அநேகர். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள்ளும், ஆர்.ஸி.யை முப்பது நாளுக்குள்ளும் தம் பெயருக்கு மாற்ற மனுச் செய்துவிட வேண்டும்.