கிரயத்துக்கு முன்னால் கைக்கு வரும் சாவி

வைகாசி பிறந்துவிட்டால் வீடு வாங்குகிற குடும்பங்களில் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. லோன் ஃபைல் இன்னும் வங்கி வழக்கறிஞரின் மேஜையில்தான் கிடக்கிறது. ஜூனில் பள்ளி திறந்துவிடும். இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. வைகாசியை விட்டால் ஆவணிதான். அந்த நேரத்தில் விற்பவரே, “சாவியை வாங்கிக்குங்க, கிரயத்தை அடுத்த மாசம் வச்சுக்கலாம்” என்று சொன்னால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்?

அந்தச் சாவியை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எந்த உரிமையில் அந்த வீட்டுக்குள் இருக்கிறோம் என்று எழுத்தில் இல்லாமல் வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். உள்ளே போன நாளுக்கும் பத்திரம் பதிவாகும் நாளுக்கும் நடுவில் நீங்கள் வீட்டுக்காரரும் அல்ல, வாடகைதாரரும் அல்ல. தகராறுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு, மனை கைமாற வேண்டுமானால் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. சாவியும் உண்டாக்காது, முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும் இதே நிலைதான். “பவர் எழுதிக் கொடுத்துடறேன், அதுவே போதும்” என்பவர்களுக்கும் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துச் செய்யும் விற்பனை, விற்பனையே ஆகாது.

அப்படியானால் உள்ளே போனவருக்குப் பாதுகாப்பே கிடையாதா? உண்டு. அதே சட்டத்தின் 53-ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தின்படி வீட்டின் சுவாதீனத்தைப் பெற்று, தன் பங்கை நிறைவேற்றியவரை, அல்லது நிறைவேற்றத் தயாராக இருப்பவரை, விற்பவர் பேச்சை மாற்றிக்கொண்டு வெளியேற்ற முடியாது. ஆனால் 2001 செப்டம்பர் 24-க்குப் பிறகு எழுதிய ஒப்பந்தம் என்றால், அது பதிவாகியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். நோட்டரி முத்திரையோடு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி பீரோவில் வைத்திருக்கும் அக்ரிமென்ட் இங்கே உதவாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். இருந்தும் பதிவுக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை நம்பி வீட்டுக்குள் இருந்துவிட முடியாது. 53-ஏ பாதுகாப்புக்குப் பதிவுதான் வேண்டும்.

பதிவு செய்வதில் இன்னொரு பலனும் உண்டு. ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே வீட்டை வேறொருவர் வாங்க வந்தால், உங்கள் பெயர் அவர் கண்ணில் படும். சுவாதீனம் ஒப்படைப்பதாக எழுதினால் பதிவுக் கட்டணம் அட்வான்ஸ் தொகைக்கு மட்டும் அல்லாமல் முழு விலைக்கும் கணக்காகும். அப்போதைய விகிதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், வீட்டின் விலையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இடைக்காலத்தில் என்ன நேரும் என்கிறீர்களா? விற்பவர் இறந்துபோகலாம். ஒப்பந்தம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்பது சரிதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகன், கோபித்துக்கொண்டு போன மகள், மைனர் பேரன் என்று கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும். மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வரைக்கும் போகும். விற்பவர் பவர் கொடுத்து, ஏஜென்ட் கையெழுத்துப் போட்டிருந்தால், பவர் கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அந்தப் பவர் முடிந்துவிடும். வீட்டின் மேல் பழைய கடன் இருந்தால் வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் நோட்டீஸ் ஒட்டலாம். நீங்கள் குடியிருப்பதால் அடமானம் மறைந்துவிடாது. உங்கள் பக்கத்திலேயே லோன் நிற்கவும் கூடும். புது வீட்டுக்கு சோபா, ஏ.சி., மாடுலர் கிச்சன் எல்லாம் தவணையில் வாங்கியதால் மாதத் தவணைச் சுமை ஏறி, வங்கி தருவதாகச் சொன்ன தொகையைக் குறைத்துவிட்டால், மீதிப் பணத்துக்கு எங்கே போவீர்கள்?

அதனால்தான் கிரயம் முடியும்வரை அந்த வீட்டில் பெரிய செலவு எதுவும் செய்யாதீர்கள் என்கிறேன். ஆணி அடிப்பது வேறு, மரவேலைக்கு மூன்று லட்சம் போடுவது வேறு. வீடு உங்கள் பெயருக்கு வராமல் போனால், சுவரோடு சேர்ந்துவிட்ட அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது மிகவும் கடினம்.

விற்பவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. வாங்குபவர் குடிவந்து, லோன் கிடைக்காமல், மீதியையும் தராமல் உட்கார்ந்துகொண்டால் வழக்குப் போட்டுத்தான் வெளியேற்ற முடியும். அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். வருமான வரிச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் கீழ் சுவாதீனம் கொடுப்பதே சொத்து மாற்றமாகக் கருதப்படலாம். அப்படியானால் பணம் முழுதும் கைக்கு வராமலே மூலதன ஆதாய வரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். சாவியைக் கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

தேவை நல்ல நாள் மட்டும்தான் என்றால், எளிய வழி ஒன்று இருக்கிறது. பால் காய்ச்சுவதும் குடிபோவதும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் விற்பவரின் அனுமதியோடு பூஜையை முடியுங்கள், பாலைக் காய்ச்சி எல்லோருக்கும் கொடுங்கள், மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். “இன்று ஒரு நாள் பூஜைக்காக மட்டும் சாவி பெற்றேன், சாமான் எதுவும் வைக்கவில்லை” என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். கிரயம் ஆன பிறகு நிதானமாகச் சாமான்களை ஏற்றலாம். சில வாரத் தாமதத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்றால் கொடுத்திருக்கும் பணத்தைப் பார்த்து முடிவெடுங்கள். விலையில் பெரும்பகுதி கொடுத்தாகிவிட்டது என்றால், சுவாதீனம் ஒப்படைத்ததாகத் தெளிவாக எழுதிய, பதிவான ஒப்பந்தம்தான் உங்களுக்குக் காவல். சிறிய அட்வான்ஸ்தான் என்றால், தனியாக ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வாடகைதாரராக உள்ளே போவது இருவருக்குமே நல்லது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வாடகை விலையில் கழியுமா கழியாதா, எந்தத் தேதிக்குள் கிரயம், ஆகாவிட்டால் எத்தனை நாளில் காலி செய்வது, அட்வான்ஸ் எப்போது திரும்பும், மின்கட்டணமும் சொத்து வரியும் யார் கட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளில் மின் மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து, அந்த ரீடிங்கைத் தேதியோடு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். சுவரில் உள்ள விரிசல், ஒழுகும் குழாய், உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது. எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும்.

பில்டரிடம் வாங்கும் அடுக்குமாடி வீட்டின் கதை கொஞ்சம் வேறு. அங்கே கிரயத்தோடு பணி நிறைவுச் சான்றிதழையும் கேட்க வேண்டும். சிறிய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றுக்கு அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வராது. குடும்பங்கள் பில்டரின் தற்காலிக இணைப்பில் ஓட்டிக்கொண்டிருக்கும், லிஃப்டுக்கு உரிமம் வாங்கினார்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “முதலில் பால் காய்ச்சிடுங்க சார், சர்டிபிகேட் வந்துடும்” என்ற வார்த்தையை நம்பி எத்தனையோ பேர் குடியேறியிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி அந்தச் சான்றிதழைப் பெற வேண்டியது பில்டரின் கடமை. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கவும் கூடாது. சான்றிதழ் தராமலிருப்பது தொடர்ந்து நடக்கும் தவறு என்று 2022-இல் சம்ருத்தி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சாவி கொடுக்கும்போது பில்டர் நீட்டும் படிவத்தை நின்று படியுங்கள். “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி இருந்தால், குறைகளைப் பட்டியலிட்டு எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். வீட்டைப் பெற்றுக்கொண்டதாலேயே தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமை போய்விடாது என்று 2020-இல் டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. கட்டமைப்புக் குறை, சுவாதீனம் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தெரியவந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ புகார் கொடுக்கலாம்.

ஏற்கெனவே குடியேறி, கிரயம் நடக்காமல் தவிப்பவர்களுக்கு: உங்களை ஆள் வைத்து வெளியேற்ற விற்பவருக்கு உரிமை இல்லை. அப்படி வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் தனிப்பட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தை மீட்கலாம். கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில், கிடைக்காவிட்டால் முன்பணமாவது வேண்டும் என்று மனுவிலேயே மாற்றாகக் கேட்டுவிட வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தராது. உங்கள் தவறில்லாமல் கிரயம் நின்றால், கொடுத்த பணத்துக்கு அந்த வீட்டின் மேலேயே பொறுப்பு உண்டு. வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாத பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம்; இவர்களிடம் வருமான வரம்பு பார்ப்பதில்லை. எதைச் செய்தாலும் தேதியைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் கிரயத்துக்குக் குறித்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் வழக்குக்குக் காலம். வீட்டுக்குள் குடியிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கணக்கு நிற்பதில்லை.