நீருக்குள் ஓடும் நாடா

மதுரையில், வைகையின் வடகரையில் அமைந்துள்ளது செல்லூர். காற்று வீசாத நண்பகலில் அவ்வூர்க் கண்மாயின் கரையில் நிற்பவருக்கு, நீர் அசைவற்றுக் கிடப்பதாகவே தோன்றும். உண்மை வேறு. ஒரு துளி நீரில்கூட ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகிறது, பற்றியதை விடுகிறது, மற்றொன்றைப் பற்றுகிறது. ஒரு பிணைப்பின் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு பிக்கோநொடி. அதாவது, ஒரு நொடியை இலட்சம் கோடிக் கூறுகளாகப் பகுத்தால் அவற்றுள் ஒன்று. இத்துணை விரைவான மாற்றத்தை எவ்வாறு காண்பது?

பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஒழுங்காகப் பிணைந்திருக்கும். அவ்வொழுங்கு உருகிய நீரில் எவ்வளவு எஞ்சுகிறது என்பது பழைய வினா. நீர் 4 டிகிரி செல்சியசில் மிகு அடர்த்தி பெறுவது போன்ற விந்தைகளை விளக்க முற்பட்ட ராண்ட்ஜென், நீரில் இருவகை அமைப்புகள் கலந்திருப்பதாக 1892ஆம் ஆண்டில் கருதினார். மூன்றாண்டுகள் கழித்து ஊடுகதிர்களை, அதாவது எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தவரும் அவரே. வினாவும் அதனை ஆராயும் கருவியும் ஒருவரிடமிருந்தே பிறந்தன எனலாம்.

அணுக்களின் இடைவெளியும் ஊடுகதிரின் அலைநீளமும் ஏறத்தாழ ஒத்த அளவின. எனவே, பொருளின் ஊடே செல்லும் கதிர், அணுக்களின் அமைப்பிற்கேற்பச் சிதறுகிறது. படிகம் தெளிந்த புள்ளிகளைத் தரும்; திரவமோ மங்கலான வளையத்தைத் தரும். அவ்வளையத்திற்கும் திரவ மூலக்கூறுகளின் இடைவெளிக்கும் உள்ள தொடர்பை 1923ஆம் ஆண்டில் சி.வி. இராமனும் கே.ஆர். இராமநாதனும் கொல்கத்தாவிலிருந்து ஆராய்ந்து எழுதினர். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் இராமனிடம் ஆய்வுக்குச் சேர்ந்ததும் அவ்வாண்டில்தான். திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்த அவர், 1928இல் இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் உடனிருந்தார். அவர் பயின்ற அமெரிக்கன் கல்லூரி செல்லூருக்கு அண்மையில்தான் உள்ளது.

ஆயினும் அக்கால ஊடுகதிர்ப் படங்கள் நெடுநேரம் பதிவு செய்யப்பட்டவை. அவை காட்டியது நீரின் சராசரித் தோற்றத்தையே. செல்லூர் தறிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் நாடா இங்குமங்கும் விரைந்தோடுவதை மெதுவான ஒளிப்படக் கருவியால் எடுத்துப் பாருங்கள். நாடா நின்று திரும்பும் இரு முனைகள் மட்டுமே அழுத்தமாகப் பதியும். தறியை அறியாத ஒருவர், அங்கு இரண்டு நாடாக்கள் இருப்பதாகவே முடிவு செய்வார்.

நீரிலும் இதுவே நிகழ்ந்தது. ஊடுகதிர் பட்டபின் நீர் உமிழும் கதிர்களின் நிறமாலையில் ஓரிடத்தில் இரண்டு சிகரங்கள் தோன்றின. இருவகை அமைப்புகளுக்கு இதுவே சான்று என்றனர் ஒருசாரார். அளந்து முடிப்பதற்குள் ஹைட்ரஜன் அணு நகர்ந்துவிடுவதால் தோன்றும் மயக்கம் என்றனர் மற்றொரு சாரார். பல்லாண்டுகள் நீடித்த இவ்வழக்கைத் தீர்க்க, ஹைட்ரஜனைவிட விரைவான கதிர்த்துடிப்பு வேண்டியிருந்தது.

அத்தகைய துடிப்புகளைத் தரும் ஊடுகதிர் லேசர், 2009இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இயங்கத் தொடங்கியது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களைக் காந்த வரிசைகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லச் செய்து, அவை உமிழும் கதிர்களைத் திரட்டுகிறார்கள். ஒரு துடிப்பு சில ஃபெம்டோநொடிகளே நீடிக்கும். ஒரு ஃபெம்டோநொடி ஒரு நொடியளவுக்கு நீண்டால், ஒரு நொடி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக நீளும்!

அங்கு 2020இல் வெளியான ஆய்வொன்று, எலக்ட்ரானை இழந்த நீர் மூலக்கூறு தன் புரோட்டானை அண்டை மூலக்கூறுக்குத் தர ஏறத்தாழ 46 ஃபெம்டோநொடிகளே ஆகும் எனக் காட்டியது. புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் செய்யும்போது உடலிலுள்ள நீரில் நிகழும் தொடக்கநிலை மாற்றங்களுள் ஒன்று இது. எனவே இதனை வெறும் ஆய்வகச் செய்தியாகக் கொள்ளலாகாது.

துடிப்பின் கால அளவு பின்னர் ஃபெம்டோநொடியிலும் குறைந்து, அட்டோநொடி அளவை எட்டியது. 2024இல் வெளியான ஆய்வில், மெல்லிய ஏடாக ஓடவிட்ட நீரின்மீது ஒரு துடிப்பைச் செலுத்தி எலக்ட்ரானை வெளியேற்றினர். ஹைட்ரஜன் நகருமுன் அடுத்த துடிப்பால் அளந்தனர். இருவகை அமைப்புகளுக்கான அடையாளம் அதில் இல்லை. முன்பு கண்ட இரட்டைச் சிகரம் ஹைட்ரஜனின் நகர்வால் விளைந்தது என்பது தெளிவாயிற்று.

இதனால் ராண்ட்ஜெனின் கருத்து முற்றிலும் தள்ளுபடியாயிற்று எனக் கொள்வது பிழை. அறை வெப்பநிலை நீருக்கான சான்றுகளுள் ஒன்றே வலுவிழந்தது. உறையாமலே சுழியத்திற்கும் கீழே குளிர்விக்கப்பட்ட நீரில், மைனஸ் 44 டிகிரி செல்சியசை ஒட்டி அதன் பண்புகள் உச்சத்தைத் தொட்டுத் திரும்புவதை 2017இல் வேறோர் ஊடுகதிர் ஆய்வு காட்டியது. அங்கு இருவகை நீர் உண்டு என்போரின் ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன.