‘வோஸ்’ என்று எழுதவேண்டாம்

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வருபவர்களுக்கு எமது ஊர்களில் குறைவில்லை. தூதரகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம், வெளிநாட்டில் உள்ள மகனுக்காக ஓர் உறுதிக் கடிதம், மனித உரிமை அமைப்பு ஒன்றுக்கு முறைப்பாடு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்தில் நல்ல சித்தி பெற்ற ஒரு பெண்பிள்ளை ஒழுங்கையில் இருந்தால், அவள் வீட்டு விறாந்தை ஒரு சிறு கந்தோராகிவிடும். இப்படி எழுதப்படும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையைப் பற்றியே இங்கு சொல்ல விரும்புகிறேன். அது எழுத்துப் பிழை அல்ல, காலப் பிழை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, அங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண் என்ன சொல்வார்? “நாங்கள் 95 இலிருந்து கொடிகாமத்தில் இருக்கிறோம்” என்பார். ‘இருக்கிறோம்’ என்பது நிகழ்காலம். தமிழுக்கு அது போதும். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, “வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 1995” என்று எழுதுகிறோம். ஆங்கிலம் இதை ஏற்பதில்லை. அன்று தொடங்கி இன்றும் தொடரும் ஒன்றைச் சொல்ல அந்த மொழியில் தனியான ஒரு வினை அமைப்பு உண்டு. ‘ஹாவ்’ அல்லது ‘ஹாஸ்’ முன்னே வர, ‘பீன்’ அதனோடு சேர வேண்டும். “வீ ஹாவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 1995” என்பதே சரி.

‘சின்ஸ்’, ‘ஃபோர்’ இரண்டும் குழப்பம் தருகின்றன என்று பிள்ளைகள் சொல்வார்கள். தமிழை நினைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. ‘95 இலிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ்’. ‘பத்து வருடமாக’ என்று வந்தால் ‘ஃபோர்’. எமது வேற்றுமை உருபே வழி காட்டுகிறது. பாடசாலையில் இதை ஏன் இவ்வளவு சுற்றிவளைத்துக் கற்பிக்கிறார்களோ தெரியவில்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு சோடி உண்டு. “ஹீ ஹாஸ் கோன் டு கொழும்பு” என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. “ஹீ ஹாஸ் பீன் டு கொழும்பு” என்றால் போய்வந்துவிட்டார். ஒரு சொல்லில் ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது மாறிவிடுகிறது.

தூதரகக் கடிதத்தில் இந்தப் பிழை நேர்ந்தால் வாசிப்பவர் எப்படியோ விளங்கிக்கொள்வார். ஆனால் வேறு சில கடிதங்கள் இருக்கின்றன.

அயலில் உள்ள பெரியம்மா ஒருவர் ஒருநாள் பழைய கடிதப் பிரதிகளைக் கட்டாகக் கொண்டுவந்தார். இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றிய பிறகு, 1996 இல் சுற்றிவளைப்புகளிலும் காவலரண்களிலும் பிடிக்கப்பட்டு நூற்றுக்கணக்கானோர் இங்கு காணாமலாக்கப்பட்டார்கள். அவருடைய மகனும் அந்த ஆண்டில்தான் பிடிக்கப்பட்டான். யார் யாரோ எழுதிக் கொடுத்த அந்தக் கடிதங்களில் பாதிக்கு மேல் “மை சன் வோஸ் மிஸ்ஸிங் இன் 1996” என்றே இருந்தது. அந்த ஆண்டில் காணாமல் இருந்தான் என்பதே அதன் பொருள். பிறகு வந்தானா, வரவில்லையா? வாக்கியம் சொல்லவில்லை. ஊர் தெரியாத ஒருவர் வாசித்தால், அது முடிந்துபோன சங்கதி என்று எண்ணவும் கூடும்.

“ஹீ ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 1996” என்று மாற்றி எழுதினேன். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டார். விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, “அப்ப அவன்ர வேலையைப் பற்றி எழுதேக்கையும் ‘வோஸ்’ எண்டு எழுதாதை பிள்ளை. மேசனா இருந்தவன் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை” என்றார். நான் எழுதியிருந்தேன்தான். ‘ஹீ வோஸ் எ மேசன்’ என்று மேலே இரண்டாம் வரியில் இருந்தது. அதை வெட்டி ‘இஸ்’ என்று எழுதினேன். இலக்கண ஆசிரியர் என்ன சொல்வாரோ அறியேன்.

‘இருக்கிறார்’, ‘இருந்தார்’ என்ற இரண்டுக்கும் நடுவே நிற்கும் இந்த நிலையைச் சட்டம்கூடப் பிந்தித்தான் ஏற்றது. 2010 இல் கொண்டுவரப்பட்ட தற்காலிகச் சட்டத்தின்படி இத்தகைய குடும்பங்கள் மரணச் சான்றிதழையே பெற முடிந்தது. அதைக் கையில் வாங்க மறுத்த தாய்மார், மனைவிமார் பலர். 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, இறந்தவர் என்று எழுதாமல், ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வந்தது.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். முன்னர் எமது பத்திரிகைகள் ‘காணாமல் போனோர்’ என்றே எழுதின. தாமாகவே எங்கோ போனவர்கள் போல அது ஒலிக்கிறது என்று குடும்பங்கள் ஆட்சேபித்தன. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் ‘வலிந்து காணாமலாக்கப்பட்டோர்’ என்ற சொல்லே முன்னின்றது. போ என்பதை ஆக்கு என்று மாற்றினால், ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பது தானாக வந்துவிடுகிறது. தமிழுக்கு இது இலகு.

ஆங்கிலத்துக்கு அது இலகுவாக இருக்கவில்லை. ‘டிஸப்பியர்’ என்றால் மறைந்துபோதல். ஒருவரை மறையச் செய்தல் என்ற பொருளில் “ஹீ வோஸ் டிஸப்பியர்ட்” என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டுவார். ஆனால் ஆர்ஜென்ரீனாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டபோது, அவர்களுடைய தாய்மார் 1977 இல் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடிச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அங்கு வழங்கிய ஸ்பானியச் சொல் உலகெங்கும் பரவியபோது, ஆங்கிலமும் தன் வினைச்சொல்லை வளைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘வோஸ் டிஸப்பியர்ட்’ என்று காணலாம்.

இருந்தாலும் முறைப்பாட்டுக் கடிதத்தில் சர்வதேச சமவாயத்தின் சொல்லையே எழுதுவது நல்லது. ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் நிறைவேற்றிய அந்தச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதில் வருவது ‘என்ஃபோஸ்ட் டிஸப்பியரன்ஸ்’ என்ற தொடர். முதலில் எந்தத் திகதியில், எந்த இடத்தில், யாரால் பிடிக்கப்பட்டார் என்பதைக் கடந்தகாலத்தில் எழுதுங்கள். ‘வோஸ் அரெஸ்ட்டட்’, ‘வோஸ் ரேக்கின்’ என்று அங்கே ‘வோஸ்’ வரலாம், வரவும் வேண்டும். பிடித்தது அன்று நடந்து முடிந்த செயல். அடுத்த வாக்கியத்தில் ‘ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ்’ என்று எழுதி, அதே திகதியை மீண்டும் போடுங்கள். ஆண்டை மட்டும் போட்டு விட்டுவிட வேண்டாம்.

பெரியம்மாவுக்குக் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ‘ஹாஸ் பீன்’ எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைத்தார். இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்று அனுப்புவதற்கு, ஒன்று அந்தக் கட்டுக்குள் வைப்பதற்கு.