மரத்தளத்தை அழுத்த நீரால் கழுவிப் புதுப்பித்தல்

டெக் என்பது அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வீட்டை ஒட்டித் தரையிலிருந்து சற்று உயர்த்தி அமைக்கப்படும் திறந்தவெளி மரத்தளம் ஆகும். வெயிலும் மழையும் பனியும் நேரடியாகப் படுவதால், சில ஆண்டுகளில் இதன் நிறம் மங்கிப் பாசி படிகிறது. அதைக் கழுவி, பழைய பூச்சை நீக்கி, புதிய பூச்சு இடுவது டெக் புதுப்பித்தல் எனப்படும். இப்பணிக்குப் பிரஷர் வாஷர் என்னும் அழுத்த நீர்க்கருவி பரவலாகப் பயன்படுகிறது. கவனமின்றிக் கையாண்டால் இக்கருவியே மரத்தைக் கெடுத்துவிடும்.

மரம் சாம்பல் நிறமாவது ஏன்?

மரத்தின் செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழைநீர் கழுவிச் செல்கிறது. பிடிப்பிழந்த இழைகள் மேற்பரப்பில் எஞ்சுவதால் சாம்பல் நிறம் தோன்றுகிறது. புதிதாகத் தொடங்குவோர் இதை வெறும் அழுக்கு என்று கருதி அழுத்தத்தைக் கூட்டுவதுண்டு. அப்போது மரத்தின் மென்மையான பகுதி அரிக்கப்பட்டு, பலகை வரிவரியாகக் குழிந்து, சிலாம்பு கிளம்பும். இந்தச் சேதத்தை மீண்டும் கழுவிச் சரிசெய்ய முடியாது.

கழுவும் கரைசல்கள்

அழுக்கை இளக்க வேண்டியது கரைசல். இளகியதை அலசுவது மட்டுமே நீரின் வேலை. சோடியம் பெர்கார்பனேட்டுத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் ஐதரசன் பெராக்சைடு வெளிப்படும். இக்கரைசலை மரத்தில் தெளித்து, காயவிடாமல் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்துத் தூரிகையால் தேய்க்க வேண்டும். பழைய பூச்சை நீக்க, சோடியம் ஐதராக்சைடு கொண்ட நீக்கிகள் உள்ளன. இவை காரத்தன்மை கொண்டவை என்பதால் மரம் கறுக்கலாம். நன்கு அலசியபின் ஆக்சாலிக் அமிலக் கரைசல் இட்டால் காரம் சமனாகி, ஆணிகளைச் சுற்றியுள்ள கருங்கறையும் மறையும். குளோரின் வெளுப்பானை அமிலத்துடன் கலக்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும். அருகிலுள்ள செடிகளை வேலைக்கு முன்னும் பின்னும் நீரால் நனைப்பது நல்லது.

அழுத்தமும் நாசிலும்

அழுத்தம் பி.எஸ்.ஐ. என்னும் அலகில் அளக்கப்படுகிறது. பைன், சிடார் போன்ற மென்மரங்களுக்கு 500 முதல் 600 பி.எஸ்.ஐ. போதும், வன்மரங்களுக்கும் 1,500ஐத் தாண்டக் கூடாது. நாசிலின் நிறம் நீர் விரியும் கோணத்தைக் காட்டுகிறது: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. மரத்துக்குப் பச்சையும் வெள்ளையும் ஏற்றவை. சிவப்பு மரத்தைக் கீறிவிடும்.

முதலில் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். நாசிலை 2 அடி உயரத்தில் தொடங்கி, தேவைக்கேற்ப 1 அடி வரை இறக்கலாம். ஒரே இடத்தில் நிறுத்தாமல், மர இழையின் போக்கிலேயே சீராக நகர்த்த வேண்டும்.

பாதுகாப்பு

நீர்த்தாரை தோலைத் துளைத்து உள்ளே புகக்கூடும். வெளியே ஊசிக்குத்துப் போலத் தெரிந்தாலும் உள்ளே திசுக்கள் கடுமையாகச் சேதமடைந்திருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணாடியும் மூடிய காலணியும் அவசியம். பெட்ரோலில் இயங்கும் கருவியைக் கார் கொட்டகைக்குள் இயக்கினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்காவில் 2004க்கு முன் கட்டப்பட்ட தளங்களில் ஆர்சனிக் கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரம் இருக்கக்கூடும். அதைத் தேய்ப்பதும் உயர் அழுத்தத்தில் கழுவுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

உலர்த்தலும் பூச்சும்

கழுவியபின் குறைந்தது 2 நாள் வெயிலில் காயவிட வேண்டும். சில துளி நீர் தெளித்தால் மரம் உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் பழைய பூச்சு எஞ்சியிருக்கிறது அல்லது மரம் இன்னும் காயவில்லை எனலாம். எழும்பிய இழைகளை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். அதைவிட வழுவழுப்பாக்கினால் பூச்சு உள்ளே இறங்காது. எண்ணெய்ப் பூச்சை மெல்லிதாக இட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அந்தத் துணிகளைக் குவித்து வைத்தால் தாமாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது நீர் நிரம்பிய உலோகக் கலத்தில் மூடிவைக்க வேண்டும்.