கிட்டப் பயணம், எட்டாத டாக்சி

சவாரிக்கு மறுப்பது குற்றம் என்கிறது சட்டம். கட்டுப்படியாகாது என்கிறார்கள் மும்பை டிரைவர்கள். நடுத்தெருவில் நிற்பது பயணி.

அதிகாலை. தாதர் ரயில் நிலையம். தொலைதூர ரயிலிலிருந்து இறங்கிய குடும்பம் ஒன்று இரண்டு பெட்டிகள், ஒரு துணிப்பையுடன் வாசலுக்கு வருகிறது. பையில் இருப்பவை ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளும். போக வேண்டிய இடம் பரேலில் இருக்கும் டாடா நினைவு மருத்துவமனை. மூன்று கிலோமீட்டருக்குள்தான். இடத்தின் பெயரைக் கேட்டதுமே முதல் டிரைவர் கையை அசைத்துவிடுகிறார். இரண்டாமவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: "நஹி ஜாயேகா." மூன்றாமவர் வரத் தயார், மீட்டர் போடத்தான் தயாரில்லை. கேட்பது 200 ரூபாய்.

மும்பையின் பெரிய ரயில் நிலையங்களில் தினமும் நடக்கும் காட்சி இது. சிகிச்சைக்காக வந்தவர்கள் என்றில்லை. தாதரில் இறங்கி மாதுங்காவுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பதிலைக் கேட்டு வருகின்றன. புறநகர் என்றால் ஆட்டோவில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் சயான், மாஹிமுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. பஸ்ஸில் பெட்டிகளோடு நோயாளியையும் ஏற்ற முடியாது. எனவே இங்கே கறுப்பு-மஞ்சள் டாக்சிக்காரர் சொல்வதுதான் சட்டம்.

உண்மையான சட்டம் வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆவது பிரிவின்படி, தகுந்த காரணமின்றி பயணியை ஏற்ற மறுப்பது குற்றம். முதலில் டாக்சிக்கு அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். 2019இல் வந்த திருத்தம் அதை 500 ஆக்கியது. ஆனால் அபராதம் விதிக்க யாராவது புகார் செய்ய வேண்டுமே! மருத்துவமனையில் டோக்கன் வாங்க ஓடுபவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலீஸைத் தேடுவாரா? வெளியூர்க்காரருக்கு எங்கே புகார் செய்வது என்பதே தெரியாது. டிரைவர்களின் தைரியத்துக்குக் காரணம் இதுதான்.

அவர்கள் தரப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 31 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 66 பைசா. இரண்டரை கிலோமீட்டர் ஓட்டினால் கிடைப்பது சுமார் 52 ரூபாய். இதற்காக ஸ்டாண்டில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர் உரிமையாளருக்கு அன்றைய வாடகையைக் கட்டியாக வேண்டும். காஸ் நிரப்பும் வரிசையிலும் நேரம் போகும். ஷிஃப்ட் முடியும் வேளையில் வண்டியை ஒப்படைக்கும் இடத்துக்கு எதிர்த்திசையில் சவாரி வந்தால் ஏற்க மாட்டார்.

கட்டணம் உயர்ந்த விதமும் கசப்பைக் கூட்டியது. 2015 ஜூனில் 22 ரூபாயான குறைந்தபட்சக் கட்டணம் 2021 மார்ச்வரை அசையவில்லை. அதன் பிறகுதான் 25, 28, 31 என்று ஏறியது. செலவு ஏறும்போது மீட்டர் நின்றுபோனால், டிரைவர் தன் கையிலேயே ஒரு மீட்டரை வைத்துக்கொள்கிறார். ஆனால் அந்தச் சுமை கட்டணத்தை நிர்ணயிக்கும் அரசின் மேல் விழுவதில்லை, பெட்டியோடு நிற்பவர் மேல் விழுகிறது.

செல்போன் செயலிகள் வந்தபோது இந்தத் தொல்லை தீரும் என்று பயணிகள் நம்பினார்கள். அங்கே மறுப்பு வேறு வேஷத்தில் வந்தது. முன்பதிவை ஏற்ற டிரைவர் போன் செய்து "எங்கே போகணும்? பணமா, ஆன்லைனா?" என்று கேட்கிறார். பதில் பிடிக்காவிட்டால் ரத்து. அல்லது பயணியே ரத்து செய்யட்டும் என்று நின்ற இடத்திலேயே நிற்கிறார். மத்திய அரசு 2020இலும் 2025 ஜூலையிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவிகிதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்கின்றன. நெரிசல் நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2025ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆனால் அமல்படுத்த வேண்டியவை மாநிலங்கள்.

தீர்வுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சர்ச்கேட் நிலையத்திலிருந்து நரிமன் பாயின்டுக்குப் போகும் ஷேர் டாக்சிகளைப் பார்த்தால் போதும். தூரம் சொற்பம்தான். ஆனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. வண்டி நிறைகிறது, ஆளுக்கு இவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிகிறது, திரும்பி வந்தால் அடுத்த கூட்டம் காத்திருக்கிறது. தாதரிலிருந்து பரேல் மருத்துவமனைகளுக்கும் இதே முறையை ஒழுங்காக நடத்தினால் டிரைவருக்கும் நஷ்டமில்லை, நோயாளிக்கும் அலைச்சலில்லை.

அதுவரை பேரம்தான். தாதர் வாசலில் அந்தக் குடும்பம் 200 ரூபாயை 150 ஆகக் குறைத்து ஏறிக்கொள்கிறது. மீட்டர்படி பார்த்தால் இது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் மருத்துவமனையில் பதிவு வரிசை நீள்வதற்குள் போய்ச் சேர வேண்டும். கணக்குப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.