வந்தானா, வந்தாரா? மேடையில் அரசியல் மாந்தரும் மொழிபெயர்ப்பாளரின் தெரிவும்

1. சிக்கல்

வாழ்ந்து மறைந்த அல்லது வாழ்கின்ற அரசியல் மாந்தரை மேடையில் நிறுத்தும் நாடகங்களைப் பற்றிப் பேசுவோர் கதைப்போக்கு, வரலாற்று உண்மை, தணிக்கை ஆகியவற்றையே பெரிதும் ஆராய்கின்றனர். அம்மாந்தரைச் சுட்டும் சொற்களும் அவற்றோடு இயையும் வினைமுற்றுகளும் அந்த அளவிற்குக் கவனம் பெறுவதில்லை. ஆயினும் ஒருவர் போற்றப்படுகிறாரா, தூற்றப்படுகிறாரா என்பதை அவையோர் முதலில் உணர்வது இவற்றின் வாயிலாகவே ஆகும். மூல ஆசிரியர் சொல்லாமல் விட்டதைப் பெயர்ப்பு மொழியின் இலக்கணம் சொல்லியே தீர வேண்டும் என வற்புறுத்தும்போது, அரசியல் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேர்கிறது. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும் நாடகங்களை முதன்மையாகக் கொண்டு இச்சிக்கலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. பெயரும் சட்டமும்

இப்பொறுப்பு எத்தகையது என்பதை வங்காள நாடக வரலாறு காட்டும். தீனபந்து மித்திரரின் 'நீல தர்ப்பணம்' (1860) அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமைகளைச் சித்திரித்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1861இல் வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், அவதூறு வழக்கில் ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் தண்டமும் பெற்றார். மூல ஆசிரியர் தண்டிக்கப்படவில்லை. வங்காளத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று, ஆங்கிலத்தில் குற்றமாயிற்று.

1876இல் கல்கத்தா மேடை பெயர்களைத் திரித்தே தாக்குதல் தொடுத்தது. வேல்ஸ் இளவரசரைத் தம் இல்லத்து மகளிர் வரவேற்கச் செய்த வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜி, மேடையில் 'கஜதானந்த'ரானார். 'ஜ', 'க' என்னும் இரண்டு எழுத்துகள் இடம் மாறின, அவ்வளவே. அடுத்து, காவல்துறை ஆணையர் ஹாக், கண்காணிப்பாளர் லாம்ப் ஆகிய இருவரையும் குறிவைத்து, பன்றியின் காவல், ஆட்டின் காவல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் ஒரு நாடகம் நடிக்கப்பட்டது. 'ஹாக்' என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் பன்றி என்றும், 'லாம்ப்' என்பதற்கு ஆட்டுக்குட்டி என்றும் பொருள். இத்தலைப்பைத் தமிழில் பொருள் வழுவாமல் பெயர்த்தால் வசை எஞ்சும். வசை யாரைச் சுட்டுகிறது என்பது மறையும்.

அவ்வாண்டிலேயே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்தது. சென்னை மாநிலம் 1954இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதன் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதவை என்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 2018இல் நீக்கப்பட்டது. சட்டங்கள் பெயரையும் கருத்தையும் நோக்கின. மொழியியலார் நோக்க வேண்டியது இன்னும் நுண்ணிய இடமாகிய வினைமுற்று விகுதி.

3. விகுதி தரும் தீர்ப்பு

மலையாள வினைமுற்று எண், பால், இடம் காட்டுவதில்லை. 'வன்னு' என்பது வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் ஆகிய அனைத்துக்கும் பொது. மரியாதை வேறுபாடு 'அவன்', 'அயாள்', 'அத்தேஹம்' முதலிய பெயர்களிலும், அரசர்க்குரிய 'எழுந்நள்ளுக' போன்ற சிறப்பு வினைகளிலும் மட்டுமே புலப்படும். பெயரையே மீண்டும் மீண்டும் சொல்லி ஆசிரியர் அவ்வேறுபாட்டைத் தவிர்க்கவும் கூடும். தமிழில் அவ்வாறு தவிர்க்க இயலாது. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் 'ஆன்' அல்லது 'ஆர்' வந்து நிற்கும்.

கழக்கூட்டத்தின் பெயரைத் தாங்கிய ஒருவரையே சான்றாகக் கொள்ளலாம். வேணாட்டின் எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மார்த்தாண்டவர்மர் (ஆட்சி 1729-1758) இப்பிள்ளைமாரை ஒழித்தே தம் அரசை நிலைநிறுத்தினார். அவர்கள் அரசத் துரோகிகளா, குறுக்கப்பட்ட உரிமைக்காக நின்றவர்களா என்பது இன்றும் வழக்காடப்படும் வினா. மேடை வடிவமும் திரை வடிவமும் பெற்ற சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) புதினம் அரசர் பக்கம் நிற்கிறது. அதே மோதலில் மாண்ட தம்பிமாரைப் பற்றிய நாஞ்சில் நாட்டுத் தமிழ் வில்லுப்பாட்டான 'தம்பிமார் கதை' அவர்கள்மீது இரக்கம் கொள்கிறது.

இனி, 'கழக்கூட்டத்துப் பிள்ள வன்னு' என்னும் நடுநிலை வாக்கியத்தைத் தமிழாக்குவோம். 'பிள்ளை வந்தான்' என்றால் அவர் துரோகி. 'பிள்ளை வந்தார்' என்றால் பெருமகன். ஆசிரியர் எழுதாத தீர்ப்பு ஓர் எழுத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. 'அயாள்' வரும் இடத்தில் இடர் மேலும் மிகும். அது 'ஆ ஆள்' என்பதிலிருந்து வந்த சொல். மலையாளத்தில் இடைத்தர மதிப்புடையது. அதற்கு நேரான 'அந்த ஆள்' என்பதோ தமிழில் இகழ்ச்சி ஏற்றது. பிறப்பால் ஒன்றான சொற்கள் மதிப்பால் வேறாயின.

ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் நாடகங்களிலும் இந்நிலையே உண்டு. விஜய் டெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்' (1972), பேஷ்வா அமைச்சர் நானா பட்னவிசைச் சித்திரித்த முறைக்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மராத்தி, பன்மை வினையால் மதிப்பைக் காட்டும் மொழி. ஆங்கிலப் பெயர்ப்பில் அவ்வேறுபாடு கரைகிறது. அதிலிருந்து தமிழாக்குவோர் அதனை மீண்டும் தாமே படைக்க வேண்டியவராகின்றனர்.

4. வரலாற்று முகமூடி

சமகாலத்தவரைத் தாக்க நாடகாசிரியர்கள் பழைய மன்னர்களைத் துணைக்கொள்வது ஏன்? தணிக்கைக்கு அஞ்சியே என்பது வழக்கமான விடை. தமிழைப் பொறுத்தவரை இலக்கணக் காரணமும் உண்டு எனக் கருதலாம். பழந்தமிழ் மரபில் அரசன் 'ஆன்' விகுதி பெறுவது இழிவன்று. கம்பனின் இராமனும் அவ்விகுதியே பெறுகிறான். ஆகவே மன்னன் பெயரைச் சூட்டிய மாத்திரத்தில் 'வந்தான்' என்று சொல்லும் உரிமை நாடகத்துக்குக் கிடைக்கிறது. பதவியிலுள்ள அமைச்சரைப் பெயர் சுட்டி அவ்வாறு சொன்னால் அது வசை.

கிரீஷ் கர்னாடின் கன்னட நாடகமான 'துக்ளக்' (1964) நேரு காலத்து ஏமாற்றத்தின் நிழலாகப் பலராலும் வாசிக்கப்பட்டது. சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' (1968) அச்சுல்தானை இருபதாம் நூற்றாண்டுக்கே கொணர்ந்து பிரதமராக்கியது. மொழிச் சிக்கலுக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கவும் செய்தது. சுல்தான் 'ஆன்' பெறுபவன். பிரதமர் 'ஆர்' பெறுபவர். இரு நிலைகளும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கும் இத்தகைய நாடகத்தைப் பெயர்ப்போர், எவ்விடத்தில் எந்த மதிப்பு கொள்ளப்படுகிறது என்பதைக் காட்சிதோறும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

5. நானும் நீங்களும்

பெயரே இல்லாமலும் மாந்தரைச் சுட்டலாம். தோப்பில் பாஸியின் 'நிங்ஙளென்னெ கம்யூணிஸ்டாக்கி' (1952) என்னும் தலைப்பில் 'நிங்ஙள்' நன்றி கலந்த விளி. அதற்கு எதிர்நாடகமாக சிவிக் சந்திரன் 1995இல் 'நிங்ஙளாரெ கம்யூணிஸ்டாக்கி' என எழுதியபோது, அதே சொல் கட்சித் தலைமையை நோக்கிய குற்றச்சாட்டாயிற்று. பதிப்புரிமை வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 1996இல் எதிர்நாடகத்துக்கு இடம் தந்தது. மலையாளத்தில் வேறுபாடு 'என்னெ', 'ஆரெ' என்னும் இரு சொற்களில் அடங்குகிறது. தமிழில் முதல் நாடகத்துக்கு 'நீங்கள்' என்றும் இரண்டாவதற்குச் சினம் தோன்ற 'நீர்' என்றும் எழுதினால், இரண்டையும் பிணைக்கும் இழை அறுந்துவிடும்.

தன்மை இடத்தின் ஆற்றலுக்குப் பிரதீப் தளவியின் மராத்தி நாடகம் 'மீ நாதுராம் கோட்சே போல்தோய்' சான்று. 1998இல் மகாராட்டிர அரசு இதனைத் தடைசெய்தது. பின்னர் நீதிமன்றத்தின் வழி அது மேடைக்கு மீண்டது. 'போல்தோய்' என்பது அன்றாடப் பேச்சு வடிவம். 'பேசுகிறேன்' எனப் பெயர்த்தால் கொலையாளி பிரகடனம் செய்பவனாகிறான். 'பேசறேன்' என்றால் அடுத்த வீட்டுக்காரனாகிறான். பின்னதே மூலத்துக்கு நெருக்கமானது. அவையோரைக் கலங்கச் செய்யும் ஆற்றலும் அதற்கே மிகுதி.

6. முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து இரண்டு நெறிகளை முன்வைக்கலாம். முதலாவது, மேடைக் குறிப்புகளில் எல்லா மாந்தர்க்கும் ஒரே வடிவத்தை ஆளுதல். 'பிள்ளை வருதல்', 'அரசர் எழுதல்' எனத் தொழிற்பெயரால் எழுதுவது இதற்கு உதவும். இரண்டாவது, உரையாடலில் விகுதியைப் பேசுவோனுக்கு உரியதாக்குதல். அரசரின் ஏவலர் பிள்ளையை 'வந்தான்' என்க. பிள்ளையின் சுற்றத்தார் 'வந்தார்' என்க. யார் யாரை எவ்விகுதியால் சுட்டுவர் என்னும் அட்டவணையைப் பெயர்ப்புக்கு முன்னரே வகுத்துக்கொள்வது நன்று.

இவ்வாறு செய்தால், வழக்கு இன்னும் தீராத ஒருவரைப் பற்றிய சண்டை மேடையில் நிற்பவர்களுக்கிடையே நிகழும். தீர்ப்பு அவையோரிடம் இருக்கும்.